கொரியர் ஐந்து பேர், ஜப்பானியர் மூன்று பேர், ஒரே ஆங்கில வகுப்பு: எப்படித் திட்டம் போடுவது?

சுண்டல் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், ஆனால் எல்லாம் நம்ம பிள்ளைகளுக்குத்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ், பிளஸ் டூ கிராமர், இவ்வளவுதான் என் உலகம். அடுத்த செவ்வாயிலிருந்து முதல் தடவையாக வெளிநாட்டவர் வகுப்பு ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனிகளிலும் அவற்றுக்குப் பாகம் செய்து தரும் கம்பெனிகளிலும் வேலை பார்க்க வந்த குடும்பங்கள். கொரியப் பெண்கள் ஐந்து பேர், ஜப்பானியப் பெண்கள் இரண்டு பேர், ஒரு ஜப்பானிய இஞ்சினியர். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், எங்கள் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில்.

முதல் வாரத்துக்கு நான் போட்டு வைத்திருப்பது இதுதான். பெயர், வயது, குடும்பம் சொல்லி அறிமுகம். அப்புறம் பெரிய உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி அவரவர் ஊரில் பின் குத்தச் சொல்வது. இரண்டு பேர் கொண்ட நான்கு டீம். ஒரு கிராமர் தாள், அதை அங்கேயே சிவப்பில் டிக் போட்டுத் திருத்தித் தருவது. இரண்டாம் நாள் முழுக்க ‘எல்’, ‘ஆர்’ உச்சரிப்பு, ஏனென்றால் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் அது வராது என்று கேள்விப்பட்டேன். சரியாக இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூசான் பொங்கல்:
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் திட்டத்தில் கண்ணிவெடி நாலைந்து இருக்கிறது. ஆறு வருடம் தென் கொரியாவின் பூசானில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன், ஒன்றிரண்டில் நானே மிதித்திருக்கிறேன்.

வரைபடத்தை முதலில் கழற்றுங்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கும் கடலுக்கு ஜப்பானியர் ‘நிஹோன்காய்’, அதாவது ஜப்பான் கடல், என்பார்கள். கொரியர் ‘தோங்ஹே’, கிழக்குக் கடல், என்பார்கள். நம்ம ஊர்க் கடையில் வாங்குகிற வரைபடத்தில் பெரும்பாலும் ஜப்பான் கடல் என்றுதான் அச்சடித்திருக்கும். நடுவில் இரண்டு நாடும் உரிமை கோரும் ஒரு குட்டித் தீவு வேறு, ஜப்பானியருக்கு தாகேஷிமா, கொரியருக்கு தோக்தோ. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் கீழ் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் யாரும் சண்டை போட மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஒரு அம்மா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அன்றைக்கு அவர் காதில் ஒன்றும் ஏறாது.

அடுத்தது வயது. கொரியர் வயதைக் கேட்பது அநாகரிகத்தால் அல்ல, கேட்காவிட்டால் அவர்களால் பேச்சையே தொடங்க முடியாது. நம்மில் அக்கா, அண்ணன் மாதிரி அங்கே பெண்ணுக்குப் பெண் ‘ஒன்னி’. யார் ஒன்னி என்று தெரிந்துவிட்டால் சின்னவர் பெரியவர் சொல்வதை வகுப்பில் மறுத்துப் பேசக் கொஞ்சம் தயங்குவார். போதாததற்குப் பிறந்ததும் ஒரு வயது என்று எண்ணுகிற பழைய கணக்கு ஒன்று உண்டு. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி சர்வதேசக் கணக்குதான் என்று மாற்றினாலும், வாய்ப் பழக்கம் அத்தனை சீக்கிரம் போகுமா? ஜப்பானியப் பெண்கள் பக்கம் போனால் புதுசாகப் பார்க்கிறவரிடம் வயதைக் கேட்டால் நெளிவார்கள். அறிமுகத்தில் வயதை விட்டுவிடுங்கள், அவர்களே டீ குடிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

நாகோயா நாகு:
மேலே சொன்னதோடு இன்னொன்று. சிவப்பு டிக் வேண்டவே வேண்டாம். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம், ‘மாரு’ என்பார்கள். டிக் அடித்தால் தப்பு என்று அர்த்தம். என் பையன் அங்கே பள்ளியில் சேர்ந்த புதிதில், அவன் கணக்கு நோட்டைப் பார்த்து நான் எல்லாம் தப்பு போலிருக்கிறது என்று கத்திவிட்டு, அப்புறம் அவன் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நூற்றுக்கு நூறு எடுத்திருந்தான், பக்கம் முழுக்க வட்டம். ரொம்ப நன்றாக எழுதினால் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கித் தருவார்கள், அதற்கு ‘ஹனாமாரு’ என்று பெயர். கொரியாவிலும் சரிக்கு வட்டம்தான், தப்புக்கு ஒரு சாய்ந்த கோடு.

பூசான் பொங்கல்:
ஆமாம். சிவப்பு என்றதும் ஞாபகம் வந்தது, போர்டில் ஆள் பெயரைச் சிவப்பு மார்க்கரில் எழுதாதீர்கள். கொரியாவில் அது செத்தவர் பெயர் எழுதுகிற மாதிரி. நான்காம் டீம் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள், இரண்டு மொழியிலும் நாலுக்கான ஒரு சொல்லும் சாவும் ஒரே ஒலி. யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள், ஆனால் மல்லி, முல்லை என்று பெயர் வைத்தால் குறைந்தா போய்விடும்.

லைன் இன்சார்ஜ்:
டீச்சர், நான் கொரியன் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைன் பார்க்கிறேன். ஆங்கிலம் எல்லாம் இருக்கட்டும், முதலில் ‘பல்லி பல்லி’ என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் பின்னால் நின்று ‘பல்லி பல்லி’ என்று கத்தினார், நான் தலைக்கு மேலே பார்த்தேன். இன்றுவரை எங்கள் ஷிஃப்டில் அந்தக் கதைதான்.

பழைய பஞ்சாங்கம்:
கல்லூரியில் முப்பது ஆண்டு ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில் ஒரு எதிர்க்குரல். மேலே எழுதியவர்கள் சொன்ன தகவலெல்லாம் உபயோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொரியர் இப்படி, ஜப்பானியர் அப்படி என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனால் எட்டு மனிதர்கள் மறைந்து இரண்டு கொடிகள் மட்டும் மிஞ்சும். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் எதற்கு? பிள்ளையின் பள்ளியிலிருந்து வருகிற மெயிலைப் படிக்கவா, டிரைவரிடம் இடது வலது சொல்லவா, வீட்டு ஓனரிடம் மோட்டார் ஓடவில்லை என்று சொல்லவா? முதல் வகுப்பில் அதைக் கேளுங்கள். போன வாரம் எங்கே பேச முடியாமல் நின்றீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாலே இரண்டு மாதத்துக்குப் பாடத்திட்டம் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. இந்த வகுப்புக்குத் தமிழ் டீச்சர் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைக் கொரியத்திலும் ஜப்பானியத்திலும் சொல்லுக்குச் சொல் இதே வரிசையில்தான் சொல்வார்கள். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், ‘தி’ என்கிற தொல்லை கிடையாது, பன்மை கட்டாயமில்லை. அவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது உங்களுக்கு உடம்பிலேயே தெரியும், அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் தெரியாது.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றே பல ஆண்டுகள் வாதாடினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாகோயா நாகு:
ஐயா, அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த இழை இன்று ராத்திரிக்குள் குமரிக்கண்டம் போய்விடும்.

பழைய பஞ்சாங்கம்:
ஒப்புக்கொள்கிறேன். வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதற்கு ரத்த உறவு தேவையில்லை. கொரியத்தில் அப்பாவை ‘அப்பா’ என்றும் அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அழைப்பார்கள் என்பதை மட்டும் முதல் நாள் சொல்லிச் சிரிக்க வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சுண்டல் டீச்சர்:
அப்பப்பா, வரைபடத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டாயிற்று. ‘எல்’, ‘ஆர்’ பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

நாகோயா நாகு:
சொல்கிறேன், கொஞ்சம் நீளும். இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினை என்பது பாதிதான் உண்மை. ஜப்பானியத்தில் ‘ர’ போல ஒரே ஒலி, ‘ல’ என்று தனியாக இல்லவே இல்லை, அவர்கள் காதே இரண்டையும் பிரித்துக் கேட்காது. கொரியருக்கு ஒரே எழுத்துதான், ஆனால் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். நடுவில் ஒற்றையாக வந்தால் ‘ர’ மாதிரி, கடைசியில் வந்தால் ‘ல்’, இரட்டித்தால் ‘ல்ல’. மேலே தம்பி சொன்ன அதே ‘பல்லி’. ஆகவே கொரியருக்கு அந்த ‘பல்லி’யைச் சொல்ல வைத்து நாக்கு எங்கே ஒட்டுகிறது என்று பிடிக்கச் சொன்னால் ‘எல்’ வந்துவிடும். ஜப்பானியருக்கு ‘ஆர்’ சொல்லும்போது நாக்கு மேலே எங்கும் தொடக் கூடாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இதையே செய்தால் மூன்று பேர் அழுவார்கள், ஐந்து பேர் கொட்டாவி விடுவார்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும்.

அதைவிடப் பெரிய விஷயம் சொல்லின் கடைசியில் உயிரெழுத்து ஒட்டிக்கொள்வது. மெக்டொனால்ட்ஸை ஜப்பானியர் ‘மா-கு-தோ-நா-ரு-தோ’ என்று ஆறு தட்டாகச் சொல்வார்கள். கொரியர் ‘மேக்-தோ-னல்-து’ என்று நாலு தட்டு. ஆங்கிலத்தில் மூன்று. எல்லோரையும் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள், எட்டு பேர் அறையாக இருந்தாலும் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். நாமும் ‘பஸ்ஸு’, ‘இஸ்கூல்’ என்று சொல்கிற ஆட்கள்தானே, அதையும் சொல்லுங்கள். டீச்சரும் தடுமாறுவார் என்று தெரிந்தால் அவர்கள் வாய் திறப்பார்கள்.

பூசான் பொங்கல்:
கொரியரிடம் ‘எஃப்’ இல்லை, ‘ப’தான். காபிக்கு ‘கோப்பி’ என்பார்கள். ஆபீஸில் யாராவது ஆங்கிலத்தில் காபி எடுத்து வா என்றால் டம்ளர் வருமா ஜெராக்ஸ் வருமா என்று சந்தேகம். சிரிக்க வேண்டாம், நம்ம ஊரிலும் அதே காபிதான் அதே காபி! ‘இசட்’டும் கிடையாது, ஜூவுக்கு அவர்களும் நம்மைப் போல ‘ஜூ’தான். ஜப்பானியருக்கு இந்த ‘இசட்’ பிரச்சினையே இல்லை. அங்கே ஜப்பானிய அம்மாவைச் சொல்லித் தரச் சொல்லுங்கள். ‘ஹேட்’ (தொப்பி), ‘ஹட்’ (குடிசை) என்பதில் உள்ள வித்தியாசம் ஜப்பானியருக்குக் கஷ்டம், கொரியர் பிரித்துச் சொல்வார்கள், அங்கே கொரியர் சொல்லித் தரட்டும். ‘சிட் டவுன்’ மட்டும் இரண்டு பேருக்குமே ‘ஷி’ என்றுதான் வரும், என்ன ஆகும் என்று எழுத மாட்டேன்.

கொரியர் கொஞ்சம் வேகமாகப் பேசத் தொடங்குவார்கள், ஜப்பானியர் யோசிப்பார்கள், அதை வைத்து மட்டம் பிரிக்காதீர்கள். கொரியாவில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம். ஜப்பானில் ஐந்து, ஆறாம் வகுப்புக்கு அது முறையான பாடமானது 2020இல்தான். உங்கள் வகுப்பில் முப்பது சொச்ச வயது ஜப்பானியப் பெண் என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் பள்ளியில் ஏபிசிடி பார்த்திருப்பார். ஆனால் டோயிக் தேர்வில் 990க்கு எண்ணூறு வாங்கியவராக இருப்பார், வாயைத் திறக்க மாட்டார்.

செபு மருத்துவன்:
நான் பிலிப்பைன்ஸ் செபுவில் எம்.டி. படிக்கிறேன். இந்த ஊரில் கொரியர் நடத்தும் ஆங்கிலப் பள்ளிகள் நிறைய, கொரிய மாணவர்களும் ஜப்பானிய மாணவர்களும் வந்து தங்கிப் படிப்பார்கள். என் வீட்டு ஓனரம்மா அப்படி ஒன்றில் டீச்சர். பாதி வகுப்பு ஒருவருக்கு ஒருவர், ‘மேன் டு மேன்’ என்றே பெயர், மீதி குரூப். குரூப் வகுப்பில் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வது ஒன்றுதான்: ஜோடி போட்டால் கட்டாயம் ஒரு கொரியர், ஒரு ஜப்பானியர். ஒரே நாட்டுக்காரர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சொந்த மொழிக்குப் போய்விடுவார்கள். கலந்து உட்கார்ந்தால் வேறு வழியே இல்லை, ஆங்கிலம்தான். கலப்பு வகுப்பு கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரைக் கேட்டால் அதுதான் சுலபம் என்பார்.

சுண்டல் டீச்சர்:
ஐந்தும் மூன்றும் எப்படி ஜோடி சேரும் தம்பி?

செபு மருத்துவன்:
மூன்று ஜோடி, மீதி இரண்டு கொரியரோடு நீங்கள் உட்காருங்கள் அக்கா. ஒவ்வொரு வகுப்பிலும் அந்த இரண்டு பேரை மாற்றுங்கள்.

பழைய பஞ்சாங்கம்:
இது நல்ல யோசனை. ஜோடிக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் இனி கேள்வி. இருவருக்கும் தெரிந்ததைப் பேசச் சொன்னால் அது நாடகம். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதது வேண்டும். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

நாகோயா நாகு:
கிண்ணம்! ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை. கொரியாவில் அதைத் தூக்கினால் வீட்டில் திட்டு விழும், மேசையில் இருக்க வேண்டும், சோறும் சூப்பும் கரண்டியால்தான். ‘ஷுட்’, ‘ஷுட்ன்ட்’ நடத்த இதைவிட என்ன வேண்டும்? கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிய கொரியக் கிம்பாப்பை ‘கொரியன் சூஷி’ என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

லைன் இன்சார்ஜ்:
ஆகஸ்ட் 15 வருகிறது டீச்சர், விடுமுறை நாட்கள் என்று பாடம் வைத்துவிடாதீர்கள். எங்கள் கேன்டீனில் ஒரு கொரியர் அன்றைக்கு எங்களுக்கும் சுதந்திர தினம்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார், பக்கத்தில் ஒரு சப்ளையர் கம்பெனியிலிருந்து வந்த ஜப்பானியர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மிட்டாயை யாருக்கு நீட்டுவது என்றே தெரியவில்லை.

பூசான் பொங்கல்:
நல்ல ஞாபகம் தம்பி. 1945இல் அதே நாள்தான் ஜப்பானியருக்கு யுத்தம் முடிந்த நாள், இறந்தவர்களை நினைக்கிற நாள்.

சுண்டல் டீச்சர்:
நாலு வாரம் ஆயிற்று, கணக்கு ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

முதல் நாள் ஐயா சொன்னபடி போன வாரம் எங்கே பேச முடியாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் அமைதி. இப்படி அமைதியாக இருப்பார்கள் என்று நாகு சார் முன்னாலேயே சொல்லியிருந்தால் தண்ணீராவது குடித்திருப்பேன். எழுதச் சொன்னேன், எல்லோரும் எழுதினார்கள். தண்ணீர் கேன் போடுகிற பையன், செக்யூரிட்டி, பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழு, தையல்காரர். பிளவுஸ் தைக்கக் கொடுத்த ஒரு கொரிய அம்மா, கை சின்னதாக வேண்டும் என்று சொல்லப் போய் இன்னும் அந்த ஜாக்கெட்டைப் போட முடியவில்லையாம். பாடம் அங்கிருந்து தொடங்கியது.

இரண்டாம் வாரம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. ஜப்பானியப் பெண் ஒருவர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று, ‘ஐ ஹேவ் எ ப்ராமிஸ் டுநைட்’ என்றார். நான் திருத்த வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த கொரியப் பெண், ‘ஓ, யாக்சோக்!’ என்றார். அவர் ‘யாகுசோகு?’ என்று கேட்டார். அவ்வளவுதான், வகுப்பு கையை விட்டுப் போய்விட்டது. இரண்டு மொழியிலும் சீனத்திலிருந்து வந்த அதே சொல், வாக்குறுதிக்கும் அதுதான், ஒருவரைச் சந்திக்கப் போவதற்கும் அதுதான். அதனால் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஒரே தப்பைச் செய்கிறார்கள்! அப்புறம் போர்டில் எழுதிக்கொண்டே போனார்கள். நூலகத்துக்கு ‘தோசோக்வான்’, ‘தோஷோகான்’. தயாரிப்புக்கு இரண்டிலும் ‘ஜுன்பி’. பரீட்சையில் காப்பியடிப்பதற்கு இரண்டிலும் ‘கன்னிங்’. அது ஆங்கிலச் சொல் இல்லையா என்று என்னிடம் கேட்டபோதுதான் நான் உள்ளே வந்தேன். ‘மான்ஷன்’ என்றால் ஜப்பானில் சாதாரண பிளாட், ‘ஹேண்ட்போன்’ என்றால் கொரியாவில் செல்போன், சொந்தமாகச் செய்த ஆங்கிலம் இரண்டு பக்கமும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ரொட்டிக்கு ‘பான்’, ‘பாங்’ என்றார்கள், அது போர்த்துகீசியச் சொல் என்றேன், எங்கள் சாவியும் ஜன்னலும் அங்கிருந்துதான் வந்தது என்றேன். அன்றைக்கு நான் கொண்டுபோன தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிண்ணப் பாடமும் நடந்தது. வீட்டிலிருந்து எவர்சில்வர் கிண்ணம் எட்டு எடுத்துப்போனேன். ஏன் தூக்குகிறீர்கள் என்று கொரிய அம்மா கேட்க, கீழே வைத்துக் குனிந்து சாப்பிட்டால் நாய் மாதிரி என்று எங்கள் பாட்டி சொல்வார் என்று ஜப்பானியப் பெண் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொல்ல, ஒரு வினாடி எனக்குப் பகீரென்றது. கொரிய அம்மா யோசித்துவிட்டு, தூக்கிச் சாப்பிட்டால் பிச்சைக்காரன் மாதிரி என்று எங்கள் பாட்டி சொல்வார் என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்டார்கள், வாழை இலையில் ரசத்தைக் கையால் நடித்துக் காட்டினேன்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து பேர் ஐந்து பேர்தான், இடைவேளை வந்தால் கொரியம் வழிந்து ஓடுகிறது, மூன்று பேரும் ஓரமாகச் செல்போனைப் பார்க்கிறார்கள். இஞ்சினியர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருகிறார், அவர் வந்தால் பெண்கள் பேச்சு பாதியாகக் குறைகிறது. ஒரு கொரிய அம்மா தயங்கித் தயங்கி, அமெரிக்க உச்சரிப்பு சொல்லித் தருவீர்களா என்று கேட்டார். உங்கள் செக்யூரிட்டி அமெரிக்கரா என்று கேட்டேன். பட்டென்று சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் அடுத்த வகுப்புக்கும் வந்தார்.

‘டோன்ட் யூ லைக் டீ?’ என்று கேட்டால் எட்டு பேரும் ‘எஸ்’ என்கிறார்கள், பிடிக்காது என்ற அர்த்தத்தில். நாமும் ‘ஆமாம், பிடிக்காது’ என்கிற ஆட்கள், அதனால் எனக்கே புரிந்துவிடுகிறது. திருத்த வேண்டும் என்பதே மறந்துபோகிறது.

பழைய பஞ்சாங்கம்:
அருமை அம்மா. அடுத்து என்ன?

சுண்டல் டீச்சர்:
சனிக்கிழமை காய்கறிக் கடைக்கு அழைத்துப் போகிறேன் ஐயா. போன வகுப்பில் காய்ப் பெயர் எழுதச் சொன்னேன். வெண்டைக்காய்க்கு ஜப்பானியப் பெண் ‘ஒகுரா’ என்று எழுதி, இது எங்கள் சொல், ஆங்கிலம் தெரியாது என்றார். அதுதான் ஆங்கிலம், ‘ஓக்ரா’ என்றேன், நம்பவில்லை. ஆனால் நம்ம கடையில் போய் ஓக்ரா என்றால் யாருக்குப் புரியும்? லேடீஸ் ஃபிங்கர் என்று சொல்லுங்கள் என்றேன். எட்டு பேரும் என் விரலைப் பார்த்தார்கள்.